வெளிச்சம் பின்னால் இருக்கட்டும்

தை மாதம் காலை ஏழு மணிக்கு, வேளச்சேரி – தாம்பரம் சாலையோரம் நின்று பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்தைக் கிழக்கு முகமாகப் பார்த்தால், சூரியன் சம்பங்கோரைக்குச் சற்று மேலே, கண்ணுக்கு நேரே இருக்கும். அந்த நேரத்தில் ஒரு கொக்கு எழுந்து பறந்தால் அதன் இறக்கையைக் கவனியுங்கள். வெள்ளைப் பறவைதான், ஆனால் அந்த வெள்ளையில் அப்போது பல நிறங்கள் இருக்கும். இறகுகள் இரண்டு மூன்று அடுக்காகப் படிந்த இடம் சாம்பல் கலந்து நிற்கும். ஒற்றை இறகு மட்டும் நீண்டிருக்கும் ஓரம் தேன் நிறத்தில் ஒளிரும். ஒவ்வொரு இறகின் நடுத்தண்டும் சற்றே கறுத்த கோடாகத் தெரியும். எந்த இறகு எதன்மேல் படிந்திருக்கிறது, எந்த இரண்டுக்கு நடுவே இடைவெளி விழுகிறது என்பதெல்லாம் நாலைந்து இறக்கையடிப்புக்குள் கண்ணில் பட்டுவிடும்.

அதே கொக்கைச் சூரியனுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு பார்த்தால், வெள்ளைக் கொக்கு என்பதற்கு மேல் சொல்ல அதிகம் இராது. முன்னாலிருந்து விழும் வெளிச்சம் பொருளின் மேல்தோலைக் காட்டிவிட்டு அங்கேயே நின்றுவிடுகிறது. பின்னாலிருந்து வரும் வெளிச்சம் பொருளுக்குள் புகுந்து வருகிறது; புக முடியாத இடத்தில் அதன் ஓரத்தைச் சுற்றிக்கொண்டு வருகிறது. ஒரு பொருள் எவ்வளவு மெல்லியது, அதன் வடிவம் எங்கே முடிகிறது என்ற இரண்டையும் அது ஒருசேரச் சொல்லிவிடுகிறது. சென்னையின் தென்புறத்தில் குடியிருப்பவர்களுக்கு இதைப் பார்த்து ரசிக்கத் தோதான இடங்கள் நிறைய உண்டு. தாம்பரம் ரயில் நிலையத்திலிருந்து முட்டுக்காடு வரை அவற்றுள் சிலவற்றை இங்கே எடுத்துப் பேச ஆசை.

முதலில் பள்ளிக்கரணையையே இன்னும் கொஞ்சம் பார்ப்போம். உலக முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலங்களுக்கான ராம்சார் பட்டியலில் 2022-இல் இடம்பெற்ற சதுப்பு நிலம் இது. குளிர்காலக் காலைகளில் தண்ணீரின் மேல் மெல்லிய பனிப்புகை நிற்கும். பனியின் நுண்துளிகளும் தூசியும் தம்மேல் படும் ஒளியில் பெரும்பகுதியை அது போய்க்கொண்டிருந்த திசையிலேயே சிதறவிடும். சூரியனை எதிர்கொண்டு நிற்பவருக்குத்தான் அந்த ஒளி கிடைக்கும். அதனால் கிழக்கே பார்ப்பவர் கண்ணுக்குப் பனி பிரகாசமான திரையாகிறது. பெருங்குடிப் பக்கத்துக் கட்டடங்கள் அந்தத் திரைக்குள் அடுக்கடுக்காகப் பிரிந்து நிற்கின்றன. அருகிலிருக்கும் கோரை அடர்கறுப்பு, அதற்கப்பால் உள்ள மரங்கள் கருநீலம், அதற்கும் அப்பால் மாடிக் கட்டடங்கள் வெளிறிய சாம்பல். தூரம் என்பதே நிறமாக மாறிவிடுகிறது. கோரைக் கதிர் வெடித்துப் பஞ்சு பறக்கும் காலமானால் காற்றில் மிதக்கும் இழை ஒவ்வொன்றும் தனித்தனியே மின்னும்.

அங்கே வந்துபோகும் பூநாரைகளின் இறக்கை இதற்கென்றே அமைந்தது போலிருக்கும். இறக்கையின் முன்பகுதி இளஞ்சிவப்பு. பறப்பதற்கான பெரிய இறகுகள் கறுப்பு. வெயில் பின்னாலிருந்து வரும்போது கறுப்பு இறகுகள் ஒளியைத் தடுத்து நிற்கும். சிவப்புப் பகுதி ஒளியை உள்ளே விட்டு உயிர்க்கும். கூழைக்கடா தலையைத் திருப்பும்போது அலகின் கீழே தொங்கும் பைத்தோல் ஒளிர்ந்து, அதில் ஓடும் நரம்புகள்கூடத் தெரிவதுண்டு. ஒன்பது மணியைத் தாண்டியதும் இவையெல்லாம் மங்கிவிடும். சூரியன் ஏறிவிடுகிறது, வானத்தின் பரந்த வெளிச்சம் பறவைகளின் முன்பக்கத்தையும் நிரப்பிவிடுகிறது. இங்கே ஒரு விதியைக் கண்டுகொள்ளலாம். பின்னால் வெளிச்சம் இருந்தால் மட்டும் போதாது, முன்னால் வெளிச்சம் அடங்கியிருக்கவும் வேண்டும். இந்தக் கலையின் நயம் முழுவதும் அந்த அடக்கத்தில்தான் இருக்கிறது.

மாலையில் இதே பாடத்தைத் தாம்பரம் ரயில் நிலையத்தில் படிக்கலாம். 1931-லிருந்து மின்ரயில் ஓடும் கடற்கரை – தாம்பரம் தடம் ஏறக்குறைய வடக்கும் தெற்குமாகக் கிடக்கிறது. அதனால் கிழக்குப் பக்க நடைமேடையில் நிற்பவருக்கு மேற்குச் சூரியன், எதிரே நிற்கும் கூட்டத்துக்குப் பின்னால் இறங்கும். முகங்கள் நிழலுக்குள் போய்விட, ஒவ்வொரு தலையைச் சுற்றியும் ஒரு பொன்னோரம் விழும். படிந்து வாரிய தலையில் அது ஒரு மெல்லிய கோடு. சுருட்டை முடியில் அது ஓர் அங்குல அகலத்துக்கு ஒளி நிறைந்த வலை. வேலை முடிந்து வந்து கலைந்துபோன தலையில் காது மடலுக்கு மேலே பறக்கும் பத்துப் பதினைந்து முடிகள் தனித்தனித் தங்க இழைகள். காது மடலே சிவப்பாக ஒளிரும், ஏனென்றால் அது மெல்லியது, அதில் ரத்தம் ஓடுகிறது.

படியேறிப் போகும் பெண்ணின் தலையில் மல்லிகைச் சரம் இருந்தால் அதையும் பாருங்கள். அவர் சூரியனை நோக்கிப் போகிறார். பூ நம் பக்கம் இருக்கிறது. ஒளி சரத்தின் ஓரத்தை ஊடுருவி வருகிறது. இன்னும் விரியாத மொட்டில் இதழ்கள் சுருண்டு ஒன்றுக்குள் ஒன்று அடங்கியிருப்பதால் அது கெட்டியான வெண்மை. பாதி விரிந்த பூவில் இதழின் நுனி ஒளிபுகும், அடி ஒளி மறைக்கும். முழுக்க விரிந்த பூ கண்ணாடித் தாள்போல் ஆகிவிடும். காலையில் கட்டிய சரமா, சாயங்காலம் வாங்கியதா என்று அந்த ஒளியே சொல்லிவிடும்.

இந்தப் பொன்னோரத்தைத் தமிழ் சினிமா நீண்ட காலமாக அறியும். கறுப்பு வெள்ளைக் காலத்து ஸ்டுடியோக்களில் கதாநாயகியின் கருங்கூந்தல் இருண்ட பின்னணியோடு ஒட்டிக்கொள்ளாமல் பிரிந்து தெரிவதற்காக உயரத்திலிருந்து ஒரு பேக்லைட் அடிப்பது வழக்கம். முகத்துக்கு முன்னால் ஒரு பெரிய விளக்கு, நிழலைக் குறைக்க இன்னொன்று, தலைக்குப் பின்னால் மூன்றாவது. மூன்றில் பின்னொளிக்குத் துணை வேலைதான். அதை வெளியில் கொண்டுவந்து, சூரியனையே பேக்லைட்டாக வைத்து, காட்சியின் முதல் வெளிச்சமாக ஆக்கியவர்களில் ஒளிப்பதிவாளர் அசோக்குமார் முக்கியமானவர். மகேந்திரன் இயக்கி 1980-இல் வந்த ‘நெஞ்சத்தைக் கிள்ளாதே’ படத்துக்காக அவருக்குத் தேசிய விருது கிடைத்தது. காலைப் பனிக்குள் சுஹாசினி ஓடிவரும் அந்தக் காட்சிகளில் மூச்சுக்காற்றுக்கும் மரங்களுக்கு நடுவே இறங்கும் வெயிலுக்கும் ஒரு வடிவம் இருப்பதைப் பார்த்தவர்கள் மறக்க மாட்டார்கள்.

அவருக்குப் பின் வந்த பி.சி. ஸ்ரீராம் அடுத்த அடியை எடுத்து வைத்தார். சென்னைத் திரைப்படக் கல்லூரியில் படித்தவர். ‘மௌன ராகம்’ 1986, ‘நாயகன்’ 1987, ‘அக்னி நட்சத்திரம்’ 1988 என்று அடுத்தடுத்து மூன்று ஆண்டுகளில் மணிரத்னத்தோடு செய்த படங்களில், தமிழ் ரசிகனின் கண்ணையே அவர் பழக்கி எடுத்தார். ‘நாயகன்’ அவருக்குத் தேசிய விருதைப் பெற்றுத் தந்தது. அவருடைய துணிச்சல் விளக்கை எங்கே வைத்தார் என்பதில் பாதி. எந்த விளக்கைப் போடாமல் விட்டார் என்பதில் மீதி. ஜன்னலுக்கு முன்னால் ஒருவரை நிறுத்தினால் ஒளிப்பதிவாளருக்கு மூன்று வழிகள் உண்டு. முகத்துக்கு ஏற்றபடி அப்பர்ச்சரைத் திறந்தால் ஜன்னல் வெளுத்துப் போகும். ஜன்னலுக்கு ஏற்றபடி மூடினால் முகம் கறுத்துப் போகும். முன்னால் ஒரு தெர்மோகோலைப் பிடித்துக் கொஞ்சம் ஒளியை முகத்தில் எதிரடிக்கச் செய்தால் இரண்டும் சமமாகும். ஆனால் சமமாகிவிட்டால் பார்க்க ஒன்றும் மிச்சமிராது. அந்த தெர்மோகோலை எவ்வளவு தூரம் தள்ளிப் பிடிக்கச் சொல்வது என்பதில்தான் ஒரு கலைஞனின் கை தெரிகிறது. முகத்தில் ஒரு கன்னம் மட்டும், கண்ணில் ஒரு புள்ளி மட்டும் தெரிந்தால் போதும் என்று ஸ்ரீராம் பல இடங்களில் நிறுத்திக்கொண்டார். நடிகரின் முகம் முழுதாகத் தெரிய வேண்டும் என்று எதிர்பார்த்த ஒரு தொழிலில் அது பெரிய காரியம்.

பேக்லைட் வைத்தால் அதன் கதிர் நேராக லென்ஸில் விழுந்து கறுப்பையெல்லாம் வெளுக்கச் செய்யும். அதைத் தடுக்க லைட்மேன்கள் விளக்குக்கும் கேமராவுக்கும் நடுவே கட்டர் என்னும் மறைப்பை வைப்பார்கள். ‘அக்னி நட்சத்திர’த்தின் பாட்டுக் காட்சிகளில் ஸ்ரீராம் அந்தக் கதிரை உள்ளே வரவிட்டார். லென்ஸுக்குள் சிதறிய ஒளிவட்டங்களே காட்சியின் அணியாகிவிட்டன. மழைக் காட்சிகளுக்கோ பின்னொளி தவிர வேறு வழியே கிடையாது. முன்னால் விளக்கு வைத்தால் துளி கண்ணுக்குத் தெரியாது; பின்னால் வைத்தால் ஒவ்வொரு துளியும் வெள்ளிக் கம்பியாகும். ‘மௌன ராக’த்தில் ரேவதி மழையில் ஆடும் பாட்டை மறுபடி பார்க்க வாய்த்தால், எந்த இடத்தில் மழை கனமாகத் தெரிகிறது, அந்த இடத்துக்குப் பின்னால் எங்கிருந்து ஒளி வருகிறது என்று தேடிப் பாருங்கள்.

சினிமா கற்றுக்கொண்ட இந்த வித்தையைத் திரையும் விளக்குமாக நெடுங்காலமாகச் செய்துவருபவர்கள் தோல்பாவைக் கூத்துக் கலைஞர்கள். கிழக்குக் கடற்கரைச் சாலையில் முட்டுக்காட்டில் 1996-இல் திறக்கப்பட்ட தட்சிணசித்ராவில் பாவைக்கூத்து நடக்கும் நாளாகப் பார்த்துப் போய் வாருங்கள். தமிழ்நாட்டில் இந்தக் கலை மராத்தி பேசும் ஒரு சமூகத்தாரின் பரம்பரைச் சொத்து. தஞ்சை மராட்டியர் காலத்தோடு அவர்கள் வருகை தொடர்புபடுத்திச் சொல்லப்படுகிறது. இன்று அதிகமாகக் குமரி மாவட்டத்திலும் மதுரைப் பக்கத்திலும் இருக்கிறார்கள். ராமாயணம், நல்லதங்காள், அரிச்சந்திரன் எல்லாம் ஆடுவார்கள். நடுவில் உச்சிக்குடும்பனும் உளுவத்தலையனும் வந்து குழந்தைகளைச் சிரிக்க வைப்பார்கள்.

கூத்து தொடங்கும் முன் பாவையைப் பகல் வெளிச்சத்தில் பார்க்க முடிந்தால் அவசியம் பாருங்கள். ஆட்டுத்தோலில் மயிரைச் சுரண்டி, ஊறவைத்து, இழுத்துக் காயப்போட்டு, ஒளி புகும் அளவுக்கு மெல்லியதாக்கிச் செய்தது. பகலில் பழுப்பேறி, சுருக்கம் விழுந்து, எண்ணெய்ப் பிசுக்கோடு இருக்கும். சிவப்பும் பச்சையும் பூசியிருப்பது தெரியும். ஆனால் சோகையாகத் தெரியும். உடலெங்கும் ஊசிமுனை அகலத்திலிருந்து மிளகு அளவு வரை துளைகள். அவை ஏன் என்று அப்போது புரியாது. இதே பாவையை வெள்ளை வேட்டித் திரைக்குப் பின்னால், விளக்குக்கு முன்னால் கொண்டுவந்து துணியோடு ஒட்டிப் பிடித்ததும் பழுப்பு பொன்னாகிறது. சிவப்பு கனலாகிறது. துளைகள் மாலையாக, வங்கியாக, கிரீடத்தின் மணியாக, சேலைக் கரையாகப் பற்றிக்கொள்கின்றன. நகைகளைச் செய்ய அந்தக் கலைஞன் ஒரு துளிச் சாயமும் செலவழிக்கவில்லை. தோலை எடுத்துவிட்டு அந்த இடத்தில் விளக்கையே பதித்திருக்கிறான்.

சாயத்திலும் ஒரு நுட்பம் இருக்கிறது. சுவருக்கு அடிக்கும் பெயிண்டைப் பாவையில் பூசினால் முன்னால் பளிச்சென்று இருக்கும். திரையில் வெறும் கறுப்பாக விழும், ஏனென்றால் அது ஒளியை உள்ளே விடாது. தோலுக்குள் ஊறி, ஒளியைத் தன் வழியாகக் கடத்தும் சாயம்தான் இங்கே ஆகும். இருபுறமும் பூசுவார்கள். கறுப்பு வேண்டிய இடத்துக்கு மட்டும் கெட்டியாகப் பூசுவார்கள்: மீசை, புருவம், கூந்தல், உருவத்தின் எல்லைக்கோடு. ஆக, ஒரே தோலில் முழுதாக அடைக்கும் கறுப்பு, வடிகட்டும் சாயம், ஒன்றுமே தடுக்காத துளை என்று மூன்று விதமான ஒளி. இந்த மூன்றைக் கொண்டே ராமனும் வந்துவிடுகிறான், ராவணனும் வந்துவிடுகிறான்.

பாவை திரையோடு ஒட்டியிருக்கும்வரை கோடுகள் கூர்மை. இரண்டு விரற்கடை பின்னுக்கு இழுத்தால் ஓரம் கசியும். இன்னும் இழுத்து விளக்குப் பக்கம் கொண்டுபோனால் உருவம் பெருத்து, மங்கி, திரை முழுவதும் பரவும். அரக்கி வருவதற்கும் அனுமன் விசுவரூபம் எடுப்பதற்கும் இதைவிட எளிய வழி வேறென்ன இருக்கிறது? விளக்கு எண்ணெய் விளக்காக இருந்த காலத்தில் சுடர் நடுங்கும்போதெல்லாம் பாவையின் மார்பும் ஏறி இறங்கியது போலிருக்கும். அசையாமல் நிற்கும் சீதைகூட மூச்சு விடுவாள். அதன்பின் பெட்ரோமாக்ஸ் வந்தது, பிறகு மின்சார பல்பு. சுடரின் நடுக்கம் போனாலும் மஞ்சள் பல்பில் அந்தச் சூடான நிறம் மிச்சமிருந்தது. வெள்ளை எல்.இ.டி. விளக்கைப் பின்னால் வைத்தால் தோலின் பொன்நிறம் செத்துவிடும். கூத்து நடத்துபவர்கள் இதை மட்டுமாவது விட்டுக்கொடுக்கக் கூடாது.

பாலக்காட்டுப் பக்கம் பத்திரகாளி கோயில்களில் இதன் உறவுக்காரக் கலை ஒன்று இருக்கிறது. கூத்துமாடம் என்று நிரந்தரமாகக் கட்டிவைத்த மேடையில், திரைக்குப் பின்னால் 21 விளக்குகளை வரிசையாக ஏற்றி, கம்பராமாயணப் பாடல்களைச் சொல்லி இரவிரவாக ஆடுகிறார்கள். அங்கே பாவைகள் ஒளிபுகாதவை. கறுத்த உருவமும் அதற்குள் துளைத்த ஒளிப்புள்ளிகளும்தான். வண்ணமே இல்லாமல் கம்பனை நடத்திக் காட்டும் அந்த நிதானம் தனி அழகு. மேடை விளக்கை எங்கே வைப்பது என்ற அக்கறை தமிழுக்குப் பழையது. தூண்களின் நிழல் ஆடும் இடத்தில் விழாதபடி விளக்கை நிறுத்த வேண்டும் என்று சிலப்பதிகாரத்தின் அரங்கேற்று காதையே சொல்லிவைத்திருக்கிறது. மாதவி ஆட வரும் முன் ஒருவர் நின்று நிழல் எங்கே விழுகிறது என்று பார்த்திருக்கிறார்.

அழகுக்கு வெளியேயும் இந்த வெளிச்சம் உழைத்திருக்கிறது, அதுவும் தாம்பரத்திலேயே. டாக்டர் சௌரி முத்து 1928-இல் தொடங்கிய காசநோய் சானடோரியம்தான் பக்கத்து ரயில் நிலையத்துக்கே பெயர் கொடுத்தது. காசநோயைக் கண்டறிய எடுக்கும் எக்ஸ்ரே படத்தைக் கையில் வைத்துப் பார்த்தால் அது நீலம் பாய்ந்த கறுப்புத் தகடு. பின்னால் ட்யூப்லைட் எரியும் வெள்ளைப் பெட்டியில் செருகியதும் நெஞ்சுக்கூடு எழுந்து வரும். காற்று நிறைந்த நுரையீரல் கறுப்பு, விலா எலும்பு வெளுப்பு, நடுவே சாய்ந்து கிடக்கும் இதயம். மேல்மூலையில், காறை எலும்புக்கு அடியில், கறுப்பாக இருக்க வேண்டிய இடத்தில் ஒரு சிறு மங்கல் இருந்தால் மருத்துவரின் கண் அங்கே நிற்கும். அந்த மங்கலைத் தவறவிடாமல் பார்க்க அவர் செய்வதும் நாம் பள்ளிக்கரணையில் கண்ட அதே விதிதான்: அறை விளக்கை அணைக்கிறார், பெட்டியில் படம் மூடாத வெற்றிடத்தை மறைக்கிறார். கண் கூசாத இருட்டில்தான் கறுப்புக்கும் கருஞ்சாம்பலுக்கும் உள்ள வேறுபாடு பிடிபடும். ஒரு தலைமுறைக் காசநோயாளிகளின் உயிர் அந்த வேறுபாட்டில் இருந்தது.

இன்று நம் கையில் இருக்கும் திரைகளில் பலவும் பின்னாலிருந்து வெளிச்சம் வாங்குபவைதான். ஜி.எஸ்.டி. சாலையின் கடைப் பலகைகளும் அப்படித்தான். பேக்லிட் ஃப்ளெக்ஸ் அடிப்பவர்கள் மையை வழக்கத்தைவிடக் கனமாக விடுவார்கள், இல்லாவிட்டால் இரவில் நிறம் வெளுத்துவிடும். பெட்டிக்குள் ட்யூப்லைட்டைத் துணிக்கு மிக அருகில் வைத்தால் கோடு கோடாகத் தெரியும் என்று தள்ளி வைப்பார்கள். பாவைக் கூத்துக்காரரின் கணக்கே அது. ஆனால் ஒரு பலகை இன்னொன்றோடு போட்டி போட்டு எரியும்போது பின்னொளியின் முதல் தேவையான சுற்றிருட்டு போய்விடுகிறது. மொபைல் கேமராவும் இதே தவறைச் செய்கிறது. சூரியனுக்கு முன்னால் ஒருவரை நிறுத்திப் படமெடுத்தால் அது தானாகவே முகத்தை வெளுக்கவைத்து, வானத்தை மட்டுப்படுத்தி, எல்லாவற்றையும் ஒரே சமமாக்கித் தருகிறது. திரையில் வெளிச்சமான இடத்தை விரலால் தொட்டு, பிரகாசத்தைக் கொஞ்சம் கீழே இறக்கிப் பாருங்கள். முகம் இருட்டுக்குள் போகும், பொன்னோரம் வந்துவிடும்.

தாம்பரம், குரோம்பேட்டை, சேலையூர், மேடவாக்கம் பக்கங்களில் பொங்கல் விழாவும் ஆண்டு விழாவும் நடத்தாத குடியிருப்புச் சங்கம் இல்லை. வரும் ஆண்டில் ஒரு மாலையைத் தோல்பாவைக் கூத்துக் குடும்பம் ஒன்றுக்குக் கொடுங்கள். அவர்களுக்கு வேண்டியது ஒரு மூலை, ஆர்மோனியமும் மிருதங்கமும் வைக்க இடம், போக்குவரத்துச் செலவோடு மரியாதையான சம்பளம். கூடவே இன்னொன்றும் செய்ய வேண்டும். கூத்து நடக்கும் ஒன்றரை மணி நேரம் மண்டபத்து ட்யூப்லைட்டுகளை, படியோரத்து விளக்கு ஒன்று தவிர, எல்லாவற்றையும் அணைத்துவிட வேண்டும். பிள்ளைகள் இருட்டில் சலசலப்பார்கள். திரை எரிந்ததும் அடங்கிவிடுவார்கள். கூத்து முடிந்தபின் அவர்களைத் திரைக்குப் பின்னால் அழைத்துப் போய், பாவையை ஒருமுறை விளக்குக்கு இந்தப் பக்கமும் ஒருமுறை அந்தப் பக்கமும் பிடித்துக் காட்டச் சொல்லுங்கள். மறுநாள் காலை பள்ளிக்குப் போகும் வழியில் அந்தப் பிள்ளை ஓர் அரசிலையைப் பறித்துச் சூரியனுக்கு நேரே தூக்கிப் பிடித்து நரம்பை எண்ணும். கண் திறந்துவிட்ட பிள்ளைக்கு வேறு பாடம் எடுக்கத் தேவையில்லை.